பதினொண்ணு புள்ளி நாலு அடி

அந்த ஷட்டர் எறங்காதுண்ணே. ஏறினதுலேர்ந்து நானும் அதோட குஸ்தி போட்டுப் பாத்துட்டேன். நீங்க இப்படி என் பக்கம் தள்ளி உக்காருங்க. ஆள் நனைஞ்சா காஞ்சிடும், அந்த மிக்ஸி ஜாரை நனையாமப் பாத்துக்குங்க. ரிப்பேர் பண்ணி எடுத்துட்டுப் போறீங்களா? உங்க வீட்டம்மா குடுத்து வெச்சவங்க. எங்க மாமாவா இருந்தா, ஜார் உடைஞ்சிடுச்சின்னு சொன்னா அம்மிக்கல்லு பக்கம் கையைக் காமிப்பாரு.

எங்க எறங்கணும்? வெம்பூரா? நான் அதுக்கு முன்னாடி, ஆலப்பட்டு. எங்கக்காவைக் கட்டிக் குடுத்த ஊரு. இந்த டப்பாவுல இருக்கறது ப்ளம் கேக், அக்கா பொண்ணு மிதுனாவுக்கு. மோந்து பாக்கறதோட நிறுத்திக்கங்க.

பயப்படாதீங்க, பஸ்ஸு சும்மாதான் நிக்குது. முன்னால தரைப்பாலம் இருக்கில்ல, அது மேல கொஞ்சம் தண்ணி போவுதாம். டிரைவரும் கண்டக்டரும் ஒரே குடைக்குள்ள நின்னு அதையே பாத்துட்டிருக்காங்க, புதுசாக் கல்யாணம் ஆனவங்க கடலைப் பாக்கற மாதிரி. வடிஞ்சிடும். நான் சொல்றேன், வடிஞ்சிடும். நீ யார்ரா அதைச் சொல்றதுக்குன்னு கேளுங்களேன். கேக்க மாட்டீங்க. நானே சொல்லிடறேன்.

ஆலப்பட்டு ஏரியைப் பாத்துக்கறது நான்தான்.

சிரிங்க, சிரிங்க. எங்கப்பாவும் இப்படித்தான் சிரிச்சாரு. அப்புறம் பேசறதையே நிறுத்திட்டாரு. இன்ஜினியரிங் சேத்துவிட்டாருண்ணே என்னை. மூணு செமஸ்டர் ஓடுச்சி. காலேஜுக்கும் எனக்கும் ஒத்து வரல, சண்டை சச்சரவு இல்லாம ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டோம். வீட்டுல எல்லாரும் எழவு வீடு மாதிரி உக்காந்திருந்தப்போ எங்கக்கா கோமளா ஒருத்திதான், "விடுங்க, அவன் வாய்க்கு எங்கயாவது பொழைச்சிக்குவான்"னு சொன்னா. பொழைச்சிக்கிட்டேன்.

டவுன்ல எங்க ஆபீஸ் ஒரு பேக்கரிக்கு மேல ரெண்டு ரூம். கீழ பப்ஸ் வேகும், மேல நாங்க வேகுவோம். முதலாளி தணிகாசலம் சார். வேலை என்னன்னா, ஏரிக்குள்ள ஒரு கம்பம் நட்டு, அதுல சென்சார் மாட்டியிருக்கு. தண்ணி எத்தனை அடி நிக்குதுன்னு அது எங்க கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். நீங்க உங்க போன்லயே பாக்கலாம். இதோ, என் போன்ல பாருங்க. ஆலப்பட்டு ஏரி, பதினொண்ணு புள்ளி நாலு. இருபது அடி ஆனாத்தான் ஏரி நெறையும், கலங்கல் வழியா மிச்சத் தண்ணி வழியும். பதினெட்டைத் தொடும்போதே கலங்கல் தெருவுல சைரன் போட்டுக் கத்த ஆரம்பிச்சிடும், மூட்டை கட்டுங்கடான்னு. எங்கக்கா வீடு அந்தத் தெருவுலதான். கலங்கலுக்கு நேர் கீழ. தெருப் பேரைச் சொன்னாலே வீட்டு புரோக்கர் பாதி விலைக்கு எறங்கி வந்துடுவான். மாமா எப்பவும் லாரியில, இப்போ நாக்பூர் பக்கம் எங்கயோ இருக்காரு. அக்காவுக்குப் போன வாரம் ஸ்கூட்டி சறுக்கி முட்டிக்கு மேல வரைக்கும் மாவுக்கட்டு. வீட்டுல அவளும் மிதுனாவும் மட்டும்.

ஆனா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காண்ணே. "என் தம்பி இருக்கான், அவன்தான் ஏரியைப் பாத்துக்கறான், சைரன் அடிச்சா எழுந்திருச்சா போதும்"னு. கூலிக்கு ஆள் வெச்சாக்கூட இப்படிப் பெருமை பேச மாட்டாங்க.

கண்டக்டர் என்ன, குச்சியெல்லாம் விட்டுப் பாக்கறாரு? சரி விடுங்க.

நேத்து நடந்ததைச் சொல்றேன், உங்களுக்கும் பொழுது போவும்.

நேத்து மத்தியானம் ஆபீஸ்ல நான் மட்டும்தான். சார் தஞ்சாவூர் பக்கம் டெண்டருக்குப் போயிட்டாரு. கம்ப்யூட்டரையெல்லாம் முழுசாத் தெரிஞ்ச ஷர்மிளா மேடத்துக்கு இன்னிக்குக் கல்யாணம், அவங்க லீவு. போகும்போது என்கிட்ட சொன்ன கடைசி வார்த்தை, "லோகு, நான் திரும்பி வர்ற வரைக்கும் எதையும் தொடாத." நானும் எதையும் தொடல. கூரை ஒழுகுச்சி, மேசை மேல சொட்டுச்சி, அந்த மேசையை மட்டும் செவுரோரமா இழுத்துப் போட்டுட்டு பக்கெட் வெச்சேன். அதுக்கெல்லாம் மேடத்துக்கிட்ட பர்மிஷன் கேக்க முடியுமா? நம்ம ஆபீஸு, நம்ம பக்கெட்டு.

அப்புறம் கீழ போயி ஒரு பப்ஸ் சாப்ட்டுட்டு வர்றேன், போன் கத்துது. ஆலப்பட்டு கவுன்சிலர். வெச்சா அடுத்த போன், தாலுகா ஆபீஸ். எல்லாருக்கும் ஒரே பிரச்சினை. கலங்கல் தெரு சைரன் நடுவுல நடுவுல 'கீக், கீக்'னு கத்துதாம். வெள்ளத்துக்குக் கத்தற கத்தல் இல்ல, இது வேற. ஏரிலேர்ந்து கணக்கு வரலைன்னா அப்படிக் கீக்கும். கீக்குச்சின்னா வாட்ச்மேன் பச்சையப்பன் கரை மேல ஏறி டார்ச் அடிச்சி, கல்லுல போட்டிருக்கற அளவைப் பாத்துச் சொல்லணும். அப்படி ஒரு ஏற்பாடு. மேடம் வெச்சது. மழையில பாவம் அந்த ஆள் கரைக்கும் குடிசைக்கும் நடந்துட்டிருக்காரு, தெரு முழுக்கக் கொழந்தைங்க அழுவுது, கவுன்சிலர் என்னைய என் குடும்பத்தோட சேத்துத் திட்டறாரு.

சாருக்கு அடிச்சேன். "சார், சைரன் கீக்குது." "டேய் லோகு, டெண்டர் ரூம் வாசல்ல நிக்கறேன்டா. இங்க நம்மளைப் பத்தி இப்பத்தான் பெருமையாப் பேசிட்டிருக்காங்க. அந்த எழவெடுத்த சத்தத்தை நிறுத்து. எப்படின்னு எங்கிட்டக் கேக்காத." வெச்சிட்டாரு.

உக்காந்தேன் கம்ப்யூட்டர் முன்னாடி. மூணு செமஸ்டர்ல ஒண்ணே ஒண்ணு உருப்படியாக் கத்துக்கிட்டேன், கறுப்பு ஸ்க்ரீனைப் பாத்தா பயப்படக் கூடாது. ஃபைலையெல்லாம் வரிசையா வரவெச்சிப் பாத்தேன். எல்லாம் ஒழுங்கா இருக்கு, ஒரே ஒரு பேரு மட்டும் செவப்பா மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. ஆம்புலன்ஸ் லைட்டு மாதிரி.

அது என்னன்னா, லிங்க். லிங்க்னா எப்படிச் சொல்றது... கடை வேற இடத்துக்கு மாறிப் போனா, பழைய கதவுல 'எதிர்ச் சந்துக்கு வரவும்'னு எழுதி ஒரு அம்புக்குறி போடுவாங்கல்ல? அந்த அம்புதான் லிங்க். அதுக்குள்ள சரக்கு எதுவும் கெடையாது, கைகாட்டறதோட சரி. எங்க வெப்சைட்டு, சைரன், தாலுகா ஆபீஸுக்குப் போற மெசேஜு, எல்லாம் அந்த ஒரே அம்பைப் பாத்துட்டுத்தான் போவும். அம்பு எங்க காட்டுதோ அங்க இருக்கற நம்பர்தான் ஏரி. இதுல பெரிய தமாஷ் என்னன்னா, எதிர்ச் சந்துல கடையே இல்லைன்னாலும் அம்பு பாட்டுக்குக் காட்டிக்கிட்டே நிக்கும். அது போயி எட்டிப் பாக்காது. கடை காணாமப் போயிடுச்சின்னா கம்ப்யூட்டர் அந்த அம்பைச் செவப்பாக்கி மினுக்கும், அவ்வளவுதான். அதான் ஒடைஞ்ச லிங்க்.

எனக்குச் சந்தோஷம் தாங்கல. நோய் என்னன்னு தெரிஞ்சிடுச்சி. இருந்தாலும் நான் ஒண்ணும் பொறுப்பில்லாதவன் கெடையாதுண்ணே, மேடத்துக்கு ஒரு போன் போட்டேன். அங்க மெஹந்தி நடக்குது. ரெண்டு கையிலயும் மருதாணி, அவங்க சித்தி பொண்ணு போனைக் காதுல புடிச்சிட்டிருக்கு. பின்னாடி டோலக்குச் சத்தம், எங்க ஆபீஸ்ல மழைச் சத்தம். "மேடம், லிங்க் ஒடைஞ்சிருக்கு"ன்னு கத்தறேன். அவங்க, "லிங்க்கை விடு லோகு, மொதல்ல டிஸ்க் இருக்கான்னு பாரு, டிஸ்க் இருக்கா?"ன்னு கத்தறாங்க.

டிஸ்க்குன்னா ஒரு கறுப்புப் பெட்டி. ஏரிக் கணக்கெல்லாம் அதுலதான் சேரும். அது எங்கண்ணே போவும்? பூட்டின ரூம்ல? திரும்பிப் பாத்தேன், நான் இழுத்துப் போட்ட மேசை மேலயே சமர்த்தா உக்காந்திருக்கு. எப்பவும் நீலமா ஒரு லைட்டு கண்ணைக் குத்தும், அதுகூட இல்லாம அமைதியா. "டிஸ்க் கண்ணு முன்னாடிதான் மேடம் இருக்கு, நீங்க கல்யாணத்தைப் பாருங்க"ன்னுட்டு வெச்சிட்டேன். மருதாணி கலைஞ்சா மாமியார்க்காரி நம்மளத்தான் திட்டுவா.

இப்போ கேள்வி என்ன? அம்பு இருக்கு, கடை எங்க? தேடு. அதே பேர்ல வேற எங்கயாச்சும் ஃபோல்டர் இருக்கான்னு கம்ப்யூட்டர் பூராத் தேடவிட்டேன். இருந்துச்சிண்ணே! வேற ஒரு மூலையில, பழைய சாமான் போட்டு வெக்கற மாதிரி ஒரு எடத்துல, அதே பேரு, அதே மாதிரி ஃபைலு. எவனோ எடம் மாத்தி வெச்சிருக்கான். சும்மா எடுத்துக்கலைண்ணே, செக் பண்ணேன். எப்போ எழுதின ஃபைலுன்னு பாத்தா, இப்போ எழுதினது. நான் பாத்துட்டிருக்கும்போதே புதுசு புதுசா நம்பர் விழுது. பதினொண்ணு புள்ளி நாலு, புள்ளி அஞ்சு, மறுபடி நாலு. மூச்சு விடற மாதிரி. உசுரோட இருக்கறதுக்கு இதைவிட அத்தாட்சி வேணுமா?

பழைய அம்பைப் புடுங்கினேன், புது அம்பை நட்டேன். ஒரே வரி. செவப்புப் போயி பேரு நீலமா மாறி, மினுக்கல் நின்னுச்சி பாருங்க... எனக்கு எந்தப் பரீட்சையிலயும் அப்படி ஒரு சந்தோஷம் கெடைச்சதில்ல. கெடைச்சிருக்க வாய்ப்பும் இல்ல, அது வேற விஷயம்.

ஆலப்பட்டுல கீக்கறதும் நின்னுடுச்சி. கவுன்சிலரே கூப்பிட்டு "நல்லா இருப்பா தம்பி"ன்னாரு, கொஞ்ச நேரம் முன்னாடி திட்டின அதே வாயால. பச்சையப்பனுக்கு நானே அடிச்சேன். "கணக்கு வர ஆரம்பிச்சிடுச்சிண்ணே, பதினொண்ணரைகூட இல்ல, நீங்க வீட்டுக்குப் போயி படுங்க." அந்த ஆளு, "சாமி, பல்லு தந்தியடிக்குது, நீ நல்லா இருக்கணும்"னுட்டு மக வீட்டுக்கே கெளம்பிட்டாரு. ஒரே நாள்ல ரெண்டு பேரு வாழ்த்திட்டாங்க. சார் கூப்பிட்டு, "நீ படிச்சி முடிக்காததுதான்டா நல்லது, முடிச்சிருந்தா இந்நேரம் யோசிச்சிட்டே உக்காந்திருப்ப"ன்னாரு. இன்னிக்கு லீவும் குடுத்துட்டாரு. அதான் இந்தக் கேக்கு.

யாரு, பின்னாடி சீட்டு அம்மாவா? என்ன சொல்றாங்க? இது ஆலப்பட்டு ஏரித் தண்ணியா? யம்மா, ஏரியே பாதிதான் இருக்கு, இருபது அடி வந்தாத்தான் கலங்கல்ல வழியும், இப்போ பதினொண்ணு. வழியாத தண்ணி இங்க எப்படி வரும், பஸ் ஏறியா வரும்? இது வயக்காட்டுத் தண்ணி. எவனோ வரப்பை ஒடைச்சிருப்பான். நம்பலையா? இந்தாங்க, போன்லயே பாருங்க. பாத்துட்டுக் குடுங்க.

பாத்தீங்களாண்ணே, ஒடனே அமைதியாயிட்டாங்க. நம்பரைக் காமிச்சா போதும்.

ஒரு நிமிஷம். அக்காதான். "சொல்லுக்கா. பஸ்ல. தரைப்பாலத்துக்கிட்ட. என்னது? வாசல்ல தண்ணியா? மழை பெஞ்சா வாசல்ல தண்ணி வராம பால் வருமா? ...கலர் செவப்பா இருக்கா? சாக்கடை அடைச்சிருக்கும்க்கா. சைரன் அடிச்சிதா? அடிக்கலல்ல? அப்புறம் என்ன? ...அந்தோணிக்கு என்ன வேலை, அவன் ஆட்டோவுல ஏத்திட்டுப் போயி ஸ்கூல்ல போடுவான், ராத்திரி பூரா பெஞ்சு மேல கட்டுக்காலை நீட்டிட்டு உக்காரப் போறியா? அந்த ஸ்கூல் பாத்ரூமை நீ பாத்திருக்கியா? ...அக்கா. அக்கா. நான் சொல்றேன்ல. நான் போன்ல பாத்துட்டுத்தான் பேசறேன். பதினொண்ணு புள்ளி நாலு. சரி. மிதுனாகிட்ட கேக் வருதுன்னு சொல்லு. வெச்சிடறேன்."

எதிர்வீட்டு ஆட்டோ அந்தோணி. காலையிலேர்ந்து தெருவுல ஒவ்வொரு வீடா மேட்டுத் தெரு ஸ்கூலுக்குக் கொண்டுபோய் எறக்கறானாம். நல்லவன்தான், ஆனா பயந்தாங்கொள்ளி. காத்தடிச்சா ஆட்டோ மேல கல்லு வெப்பான். எங்கக்கா காலையிலயே என்னைக் கேட்டா, போகவா வேணாமான்னு. போகாதன்னுட்டேன். பின்ன என்னண்ணே? ஊரெல்லாம் ஓடினாலும் ஏரியைப் பாத்துக்கறவனோட அக்காவே மூட்டை கட்டினா, நாளைக்கு எங்க சிஸ்டத்தை எவன் மதிப்பான்?

நீங்க என்ன அடிக்கடி வெளியவே பாக்கறீங்க? அந்த மைல்கல்லா? அது அங்கதான் இருக்கு, மழையில கண்ணுக்குத் தெரியல.

மிஷினை அவ்வளவு நம்பலாமான்னு கேக்கறீங்க. எல்லாரும் கேக்கறதுதான். நம்பலாம். நம்பறதுக்கு முன்னாடி எங்க சார் என்ன வித்தையெல்லாம் காமிச்சாருன்னு ஒரு கதை சொல்றேன், வயித்தைப் புடிச்சிட்டுச் சிரிப்பீங்க.

திறப்பு விழா. போன கோடை. பந்தல் போட்டாச்சி, மைக்செட்டு, பொன்னாடை, பெரிய அதிகாரிங்க ரெண்டு கார் நெறைய. கரை மேல பெரிய டிவி. எல்லாம் ரெடி, சென்சார் மட்டும் வரல. பார்சல் எங்கயோ குடோன்ல மாட்டிக்கிச்சி. வேற ஆளா இருந்தா விழாவைத் தள்ளி வெச்சிருப்பான். எங்க சார் ராவோட ராவா மேடத்தை உக்கார வெச்சி, சென்சார் இல்லாமலே நம்பர் வர்ற மாதிரி எழுத வெச்சிட்டாரு! அதுவும் சும்மா ஒரே நம்பர் நின்னா சந்தேகம் வரும்னு, புள்ளி நாலு, புள்ளி அஞ்சுன்னு லேசா ஆடவிட்டாரு. டிவியில பாத்தா அப்படியே நெசம் ஏரி. அன்னிக்கு ஏரியில முழங்கால் தண்ணிகூட கெடையாது, எருமை படுத்துட்டிருக்கு. டிவியில பதினோரு அடி! ஒரு அதிகாரிகூடத் திரும்பி ஏரியைப் பாக்கலைண்ணே. எல்லாரும் டிவியைத்தான் பாத்தாங்க.

உச்சக்கட்டமே வேற. தலைமை விருந்தாளி பட்டனை அமுக்கினதும் ஏதாவது நடக்கணும்ல? அதுக்கு சார் ஒரு ஐட்டம் வெச்சிருந்தாரு. பட்டனை அமுக்கினதும் நம்பர் கடகடன்னு பதிமூணு வரைக்கும் ஏறி, ஒரு மூச்சு நின்னு, மெதுவாப் பழைய எடத்துக்கே எறங்கும். சார் மைக்கைப் புடிச்சி, "ஐயாவைப் பாத்ததும் ஏரியே எழுந்து வணக்கம் வெக்குது!"ன்னாரு. என்னா கைதட்டல். நான் குடை புடிச்சிட்டு நின்னேன், சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. பட்டன்ல ஒயரே கெடையாதுண்ணே. அது பாட்டுக்கு ஒரு கணக்கு வெச்சி அப்பப்போ ஏறி எறங்கும், அந்த நேரம் பாத்து அவரை அமுக்க வெச்சாங்க, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் நெசமான சென்சார் வந்து மாட்டியாச்சி. மேடம் அந்த விளையாட்டு சாமானை அழிச்சிடறேன்னு சொன்னாங்க, சார்தான் விடல. "இருக்கட்டும்மா, அடுத்த ஏரி திறப்பு விழாவுக்கு ஆகும்"னாரு. எங்கயோ ஒரு மூலையில ஓடிக்கிட்டிருக்கும் இன்னும். அவருக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. பழைய பந்தல் துணிகூட ஆபீஸ்ல இருக்கு.

என்னண்ணே, சிரிக்க மாட்டேங்கறீங்க? என் கதைக்குச் சிரிக்காத மொத ஆளு நீங்கதான். எங்கப்பாகூட மூக்காலயாவது ஒரு சத்தம் விடுவாரு.

டிஸ்க்கா? அதை எதுக்கு இப்போ கேக்கறீங்க? அதான் சொன்னேனே, மேசை மேலதான் இருந்துச்சி. லைட்டு... லைட்டு எரியலதான். எரியணும்னு சட்டமா என்ன? கரண்டு மிச்சம்.

இதுல பாருங்க, ஷர்மிளா மேடத்துக்கிட்டேர்ந்து காலையிலேர்ந்து ஏகப்பட்ட மிஸ்டு கால். முகூர்த்தத்தன்னிக்குப் பொண்ணு எனக்கு எதுக்குண்ணே போன் பண்ணுது? கல்யாணத்துக்கு வரலைன்னு திட்டத்தான் இருக்கும். தாலி கட்டற நேரத்துலயும் நம்ம ஞாபகம். சாயங்காலம் கூப்பிட்டு வாழ்த்திக்கலாம்.

மறுபடி அக்கா. "ம், சொல்லு. ...அழுவாத. அழுவாதக்கா, சொல்லு. ...கட்டில் காலு வரைக்கும்னா? உள்ளயா? ...அந்தோணி எங்க? ...போயிட்டானா? சரி. சரி, நீ கட்டில் மேல ஏறி உக்காரு. மிதுனாவை மேல தூக்கி வெச்சிக்க. சைரன்... சைரன் அடிக்கலதானே? நல்லாக் கேட்டியா? கரண்டு இல்லைன்னாலும் அதுக்குத் தனி பேட்டரி இருக்குக்கா, அடிக்கும். அடிச்சா பாத்துக்கலாம். அடிக்கற வரைக்கும் நீ அந்தக் காலை வெச்சிட்டு எறங்காத, வழுக்கிடும். நான் வந்துடறேன். இந்தத் தண்ணி வடிஞ்சதும்... ஹலோ? ஹலோ?"

கட்டாயிடுச்சி. சிக்னல் இல்ல போல. அவ போனை எப்பவும் சார்ஜே போட மாட்டா.

அவ அப்படித்தான், சின்னதுலேர்ந்தே எதுக்கெடுத்தாலும் அழுவா. நான் காலேஜை விட்டப்போ என்னைவிட அவதான் அழுதா. அப்புறம் கண்ணைத் தொடைச்சிட்டு எல்லாரையும் எதிர்த்துப் பேசினா.

டிரைவர் ஏன் பஸ்ஸைப் பின்னால எடுக்கறாரு? அய்யய்ய, எல்லாரும் எழுந்து நிக்காதீங்கப்பா, படிக்கட்டுல கொஞ்சம் தண்ணி ஏறியிருக்கு, அதுக்கு இப்படியா? யம்மா, தள்ளாதீங்க, கேக் நசுங்குது. உக்காருங்கண்ணே நீங்களும். உங்களுக்கு என் மேல நம்பிக்கை வரல, தெரியுது. இதோ, மறுபடி காமிக்கறேன், உங்க கண்ணாலயே பாருங்க. பக்கம் திறக்குது... வட்டம் சுத்துது... வந்துடுச்சி. என்ன போட்டிருக்கு? படிங்க. பதினொண்ணு புள்ளி நாலு. நேத்து பாத்த அதே...

ஓ. ஏறுது. பாத்தீங்களா, ஏறுது! பன்னெண்டு. இப்போ புரியுதா, லைவ்னா லைவ்தான். பன்னெண்டரை. ஏறட்டும், பதினெட்டு வரைக்கும் நேரம் இருக்கு. பதிமூணு.

நின்னுடுச்சி.

எறங்குது. பன்னெண்டரை. பன்னெண்டு. எறங்குதுண்ணே, நான் சொன்னேன்ல, வடியுது, எல்லாம் வடிஞ்சிடும்... பதினொண்ணு புள்ளி நாலு.

அண்ணே.

இவ்வளவு மழை கொட்டும்போது ஏரி எப்படிண்ணே எறங்கும்?

இல்ல. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க அப்பவே கண்டுபுடிச்சிட்டீங்க, மூஞ்சியிலயே எழுதியிருக்கு. பேசாதீங்க. வணக்கம் வெச்சதுண்ணே அது. இப்போ வெச்சது. இதே மாதிரிதான் ஏறி, ஒரு மூச்சு நின்னு, இதே மாதிரிதான்... எல்லாரும் கைதட்டினாங்க.

உங்க போனைக் குடுங்க. என்னோடதுல இப்போ சிக்னல் கோடே போயிடுச்சி. அந்த ஜாரைக் கீழ போடுங்கண்ணே, போட்டா உடையட்டும், போனைக் குடுங்க! நம்பர் மனப்பாடமாத் தெரியும், அவ நம்பர் மட்டும்தான் தெரியும்.

போவுது. ரிங் போவுது.

எடுக்கா. எடு. அக்கா, எடு. கட்டில்லேர்ந்து எறங்கு, செவுத்தைப் புடிச்சிட்டாவது மாடிப்படிக்குப் போ, சைரன் அடிக்காது, அது அடிக்கவே அடிக்காது, எடு...

எடுக்க மாட்டேங்கறாண்ணே. அங்கயே உக்காந்திருப்பா. சைரன் அடிக்காம எழுந்திருக்க மாட்டா. நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்.